நாரோடு போகும் கத்தி

1977 வாக்கில், வட கரோலினா மலைப்பக்கம் டுரூ லாங்ஸ்னர் என்பவரின் பண்ணைக்கு ஒரு விருந்தாளி வந்தார். பெயர் பில் கோப்பர்த்வைட். மங்கோலிய மேய்ச்சல்காரர்களின் வட்டக் கூடாரத்தை மரத்திலேயே கட்டலாம் என்று அமெரிக்கர்களுக்குச் செய்து காட்டியவர். நாடு நாடாகப் போய்ச் சாமானியர்களின் கைவேலைப் பொருள்களைத் தேடிப் பார்த்தவர். சாப்பிடுவதற்காக அவர் மூட்டையில் வைத்திருந்த மரக்கரண்டி லாங்ஸ்னரின் கண்ணில் பட்டது. லாங்ஸ்னர் மரம் தெரியாதவர் அல்லர். சுவிட்சர்லாந்தில் இருந்து மரவாளி கட்டக் கற்றுவந்தவர். அப்படிப்பட்டவரையே அந்தக் கரண்டி நிறுத்திவிட்டது. செய்தவர் வில்லே சுண்ட்க்விஸ்ட், சுவீடனின் வடக்கே வெஸ்டெர்பொட்டன் வட்டாரத்துக்காரர். மறு ஆண்டே அவரை வரவழைத்து ஒரு வகுப்பு நடத்தினார் லாங்ஸ்னர். அப்படித் தொடங்கியதுதான் ‘கன்ட்ரி வொர்க்‌ஷாப்ஸ்’. 2017 வரை நடந்தது. இன்றைக்கு அமெரிக்காவில் பச்சை மரத்தில் கரண்டி செதுக்குகிற பலரும், யாரிடம் கற்றாய், அவர் யாரிடம் கற்றார் என்று கேட்டுக்கொண்டே போனால், அந்த மூட்டைக் கரண்டியில்தான் போய் நிற்பார்கள்.

வில்லே பிறந்தது 1925இல், இறந்தது 2018இல். இடையில் அவர் பார்த்த உத்தியோகம் நமக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத் தோன்றும். சுவீடனில் மாவட்டந்தோறும் வீட்டுக் கைவேலைக்கென்று ஆலோசகர்கள் உண்டு. ஊர்களில் யார் கூடை முடைகிறார்கள், யார் கிண்ணம் குடைகிறார்கள் என்று தேடிப் போய்ப் பார்ப்பது, தெரிந்தவரைத் தெரியாதவரோடு சேர்த்துவைப்பது, வகுப்பெடுப்பது அவர்கள் வேலை. வில்லே அந்தப் பதவியில் இருந்தார். கரண்டிக்கு ஓர் அதிகாரி! நம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தேன். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் அந்த உத்தியோகத்தின் வழியாகத்தான் விளைந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

காரியத்துக்கு முன்னால் கரண்டி. செய்பவன் கண்ணோடு பார்த்தால் கரண்டி மிகவும் சங்கடமான பொருள். காம்பு நீளமாக, மெல்லிசாக, ஆனாலும் ஒடியாமல் இருக்க வேண்டும். குழி அகலமாக இருக்க வேண்டும். விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போனால் உதட்டுக்கு உறுத்தும். காம்பும் குழியும் ஒரே மட்டத்தில் கிடக்கவும் கூடாது. பாத்திரத்தில் மொண்டு வாய்க்குக் கொண்டுவரும்போது மணிக்கட்டு முறுகாமல் இருக்க, இரண்டுக்கும் இடையில் கழுத்தில் ஒரு வளைவு தேவை. நேர்ப்பலகையில் அந்த வளைவை வெட்டியெடுத்தால் கழுத்தில் நார்கள் குறுக்கே துண்டுபட்டுப் போகும். நார் துண்டுபட்ட இடம்தான் ஒடியும் இடம். கடையில் வாங்கிய மரக்கரண்டி எங்கே ஒடியும் என்று அடுப்படியில் நிற்பவர்களைக் கேளுங்கள். கழுத்தைத்தான் தொட்டுக் காட்டுவார்கள்.

சுவீடன் காட்டுக்காரர்கள் இதற்குக் கண்ட வழி, வளைவை மரத்திடமே வாங்கிக்கொள்வது. பனிப்பாரம் தாங்காமல் இளவயதிலேயே சாய்ந்து, பிறகு வெளிச்சம் தேடி நிமிர்ந்த பர்ச் மரம். அடிமரத்திலிருந்து கிளை பிரிகிற முட்டு. அங்கெல்லாம் நாரும் கூடவே வளைந்து வளர்ந்திருக்கும். பலகை அறுப்பவன் தள்ளிவிட்டுப் போகிற கோணல் கொம்பு, கரண்டிக்காரனுக்கு முதல் தரச் சரக்கு. கோணலைக் கண்டு எடுத்து வருவதிலேயே வேலையில் பாதி முடிந்துவிடும். வில்லேயின் கரண்டிகளைப் படத்தில் பார்க்கும்போது என் கண் முதலில் கழுத்துக்குத்தான் போகும். பூவேலை, கொத்துவேலை அதிகம் இல்லை. கழுத்தின் அடியில் மட்டும் ஒரு வரம்பு மெல்ல எழுந்து, குழியின் முதுகில் போய்க் கரைந்திருக்கும். அது அழகுக்கு வைத்ததல்ல. சுமை தாங்குகிற இடத்தில் மரம் கொஞ்சம் கூடுதலாக விடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அழகும் அதிலேயே வந்துவிட்டது.

மரம் பச்சையாக இருக்க வேண்டும். கை பருமன் கட்டையைக் கோடரியால் மையத்தின் வழியே இரண்டாகப் பிளப்பார்கள், அறுப்பதில்லை. ரம்பத்துக்கு நார் எந்தப் பக்கம் ஓடினாலும் ஒன்றுதான், அது தன் கோட்டில் போகும். பிளவோ நாரின் ஓட்டத்தோடு மட்டும் போகும். பிளந்ததும் நட்டநடுவில் இருக்கும் மென்மையான தண்டுச்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட வேண்டும். வெடிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவது சொற்பம். வளையங்களைச் சுற்றிய போக்கில் சுருங்குவதோ, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழுக்கட்டை காய்ந்தால் பிளப்பது இந்தப் பேதத்தால்தான். மையத்தை நீக்கி, கரண்டிக் கனத்துக்கு மெல்லிசாக்கிவிட்டால் அந்த இழுபறிக்கு இடமிருக்காது; சற்றே முறுக்கிக்கொண்டு அமைதியாகிவிடும்.

பிறகு முழங்கால் உயரக் கட்டை ஒன்றின்மேல் வைத்துக் கைக்கோடரியால் உருவத்தைக் கொண்டுவருவது. பெரும்பாலான மரம் கழிவது கோடரியில்தான். கோடரி வேலை சுத்தமாக இருந்தால் கத்திக்கு மிஞ்சுவது கொஞ்சம். கத்திக்கு ஒரே ஒரு சட்டம்: மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகலாம், பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறக் கூடாது. ஏறினால் அலகு நாருக்கு அடியில் புகுந்து பிய்த்துக்கொண்டு போகும். கழுத்தின் உள்வளைவில் இரு பக்கத்திலிருந்தும் இறங்கி வருகிற வெட்டுகள் அடிமட்டத்தில் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். சந்திக்கும் இடத்தில் ஒரு நார்ச்சுருள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பிய்க்காமல், முந்தின வெட்டைவிட மெல்லிய ஒரு வெட்டால் எடுத்துவிடுவதில் கை தெரியும். குழியைக் குடைவதற்கு அலகு வளைந்த தனிக்கத்தி. அது நாருக்குக் குறுக்கே போகும். பச்சை மரத்தில் ஈரச் சீவல்கள் சத்தமில்லாமல் சுருண்டு விழும். காய்ந்தபின் அதே மரம் எலும்பாக இறுகிவிடும். அப்போது கடைசியாக ஒரு சுற்று, நன்றாகத் தீட்டிய கத்தியால். தேர்ந்தவர்கள் உப்புத்தாளைத் தொடுவதில்லை. தாள் நாரின் முனைகளைத் தேய்த்துக் கிளப்பிவிடும். முதல் நாள் ரசத்தில் போட்டதும் சொரசொரப்பு எழும்பி நிற்கும். கத்தி வெட்டிய பரப்பில் நாரின் வாய் மூடியிருக்கும். அதில் வெட்டின் சின்னச் சின்னப் பட்டைகள் விரலுக்குத் தட்டுப்படும். பிறகு ஆளி விதை எண்ணெய் ஒரு பூச்சு.

எந்த மரமும் ஆகாது. பைன் வாயில் பிசின் கசியும், ஓக் துவர்க்கும். பர்ச், ஆல்டர், மேப்பிள் போன்ற சுவையில்லாத மரங்களே நல்லவை. வாய்க்குப் பிடிக்கிற மரம் என்கிற இந்தத் தேர்வைப் படிக்கும்போது வேறொரு கரண்டிப் பட்டியல் ஞாபகத்துக்கு வரும். வேள்விக் கரண்டிகளுக்கும் மரம் விதிக்கப்பட்டிருக்கிறது: ஜுஹூவுக்குப் புரசு, உபபிருத்துக்கு அரசு, சுருவத்துக்குக் கருங்காலி. அங்கே நக்கிப் பார்க்கும் நாக்கு அக்கினியினுடையது. துவர்ப்பு, பிசின் பற்றிய கவலை இல்லை. அக்கினி வளர்த்து வாழ்ந்தவர் இறந்தால் அந்தப் பாத்திரங்களை உடம்பின்மேல் அங்கங்கே வைத்து எரிப்பார்கள். ஜுஹூ வலது கையில். ஒரு கரண்டி ஓர் ஆளுக்கு இவ்வளவு தூரம் சொந்தமாக இருக்க முடியும் என்பதை வேறெந்தச் சடங்கும் இத்தனை கறாராகச் சொல்லவில்லை.

சொந்தம் என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன். பழைய சுவீடன், நோர்வே குடியானவர் வீடுகளில் கஞ்சி நடுவில் ஒரே பாத்திரத்தில் இருக்கும். சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு மரக்கரண்டியால் அதிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவார்கள். முடிந்ததும் கரண்டியை நக்கித் துடைத்துச் சுவரில் அவரவர் இடத்தில் செருகிவிடுவார்கள். அங்கே பாத்திரம் பொது, கரண்டி தனி. நம் வீட்டில் இலை தனி, அகப்பை பொது. நம் அகப்பை வாய்க்குப் போகவே கூடாத பொருள். ருசி பார்க்க வேண்டுமென்றாலும் உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஊற்றித்தான் பார்ப்பார்கள். அகப்பையில் எச்சில் பட்டால் பானையே போயிற்று. மரத்தில் பட்ட தீட்டு கழுவினால் போகாது, செதுக்கித்தான் எடுக்க வேண்டும் என்று மனுஸ்மிருதியே சொல்கிறது. எச்சில் பயத்தில் சாதியும் இருக்கிறது, சுகாதாரமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரிக்கப் போனால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். இங்கே எனக்கு வேண்டியது ஒன்றுதான். உதட்டில் படுகிற கரண்டி ஒவ்வொரு வாய்க்குமாகத் திருத்தம் கேட்கும்: விளிம்பு இன்னும் மெல்லிசாக, குழி இன்னும் ஆழம் குறைவாக, நுனி சற்றே கூராக. பானையை மட்டும் தொடுகிற அகப்பைக்கு அந்தத் திருத்தம் தேவைப்படவில்லை. சுவீடனில் மரக்கரண்டி ஒரு கலையாக வளர்ந்ததும் இங்கே அகப்பை ஒரு சாமானாக நின்றுவிட்டதும் கைத்திறனின் ஏற்றத்தாழ்வால் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

சாமானாக நிற்பதில் அவமானமும் ஒட்டிக்கொள்ளும். வெள்ளிக்கரண்டி வந்தபின் மரக்கரண்டி ஏழையின் அடையாளம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத் தேர்வில் தேறியவர்களில் கடைசி ஆளுக்கு, பட்டமளிப்பு மண்டபத்தில் மேல்மாடத்திலிருந்து கயிற்றில் ஒரு பெரிய மரக்கரண்டியை இறக்கிவிட்டுக் கேலி செய்வது வழக்கமாக இருந்தது. கடைசியாக 1909இல் வாங்கியவரின் கரண்டி, படகுத் துடுப்பில் செய்தது. மறு ஆண்டு முதல் தரவரிசையைப் படிப்பதை நிறுத்திவிட்டதால் கடைசி ஆள் யாரென்று தெரியாமல் போயிற்று, கரண்டியும் போயிற்று. இன்றும் கிரிக்கெட் பட்டியலில் கடைசியில் நிற்கும் அணிக்கு நம் விளையாட்டு நிருபர்கள் மரக்கரண்டி கொடுக்கிறார்கள்.

சரி, வில்லேயின் காரியம் என்ன? அவர் புதிதாக ஒரு கரண்டியைக் கண்டுபிடிக்கவில்லை. அவர் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் குளிர்கால இருட்டில் அடுப்போரம் உட்கார்ந்து செதுக்கிய வடிவங்கள்தாம் அவருடையவை. ஆனால் அவர் காலத்துக்குள் தகரமும் எஃகும் பிளாஸ்டிக்கும் வந்து, கரண்டி செதுக்க வேண்டிய அவசியம் எந்த வீட்டிலும் இல்லாமல் போயிற்று. அவசியம் போனதும் பொருள் உடனே அழிவதில்லை. அருங்காட்சியகத்தில் ஆயிரம் கரண்டி இருக்கும். முதலில் அழிவது கை. கத்தியை எப்படிப் பிடித்தார்கள், கட்டை விரல் எங்கே இருந்தது, முழங்கையை எங்கே முட்டுக்கொடுத்தார்கள் என்பது கரண்டியைப் பார்த்தால் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பையனுக்கு மட்டும் தெரியும். பையன் பட்டணம் போய்விட்டான் என்றால் தீர்ந்தது.

வில்லே அதைத்தான் எழுதினார். கத்தியும் கோடரியும் கொண்டு செதுக்குவது பற்றிய அவருடைய புத்தகம் 1990இல் ஆங்கிலத்துக்கு வந்தது. அதில் கணிசமான பங்கு கத்தியைப் பிடிக்கும் முறைகளுக்கு. படம் படமாக, இந்தப் பிடியில் பலம் எங்கிருந்து வருகிறது, அலகு எவ்வளவு தூரம் போய் எதனால் நிற்கும் என்று. ஒரு பிடியில் இரண்டு கைகளும் மார்போடு ஒட்டியிருக்கும். கத்தி வெளிப்பக்கம் பார்க்கும். தோள்பட்டைகளைப் பின்னுக்கு விரித்தால் கத்தியும் கட்டையும் எதிரெதிராக விலகும், சீவல் கழலும். மணிக்கட்டு அசையவே அசையாது. இன்னொரு பிடியில் கத்தி உடம்பை நோக்கியே வரும். பார்க்கிறவருக்குப் பகீரென்றிருக்கும். ஆனால் முன்கை விலாவில் அணைந்திருப்பதால் அலகு மார்பைத் தொடுவதற்கு முன்பே கை முட்டி நின்றுவிடும். பயப்பட வேண்டியது கத்தி போகும் திசையைப் பற்றி அல்ல, கைக்கு எல்லை இருக்கிறதா என்பதைப் பற்றி. நம் அரிவாள்மணையில் கூர் எப்போதும் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத்தான் நிற்கிறது. பலகையைக் கால் அழுத்தியிருக்கிறது, காய்தான் நகர்கிறது. வெளியூர்க்காரர் அலறுவார்; அம்மாக்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே அவரைக்காய் நறுக்குவார்கள். எல்லையை உடம்பு அறிந்திருக்கிறது.

புத்தகம் போன தூரம் பெரிது. லண்டனில் ‘பார்ன் த ஸ்பூன்’ என்றே பெயர் வைத்துக்கொண்ட ஒருவர், நடந்து விற்கும் வியாபாரிக்கான உரிமம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கரண்டி விற்றார். 2012இல் ஹாக்னி சாலையில் கரண்டிக்கென்றே கடை போட்டு, சன்னல் ஓரம் உட்கார்ந்து செதுக்கினார். அதே ஆண்டு, கிண்ணம் கடைபவரான ராபின் வுட்டும் அவரும் சேர்ந்து டார்பிஷையர் மலைக்கிராமமான ஈடேலில் கரண்டிக்கென்று ஒரு விழா தொடங்கினார்கள். வில்லேயின் மகன் யொக்கெ, அப்பாவின் கையை முழுக்க வாங்கிக்கொண்டு, கரண்டிக்கும் நாற்காலிக்கும் பளீரென்று வண்ணம் பூசி, எழுத்துகள் கொத்தி, கலைஞராகவே அறியப்பட்டவர். அப்பா அடக்கம், மகன் ஆரவாரம். எனக்கு அப்பாவின் பக்கம் சாய்வு. ஆனால் அவசியமில்லாத காலத்தில் செய்யப்படுகிற பொருள் கண்ணைப் பறிக்கத்தான் வேண்டியிருக்கும் என்பதும் புரிகிறது.

உறுத்தலும் இல்லாமல் இல்லை. காசில்லாதவன் குளிர்காலத்தில் செய்த பொருளைக் காசுள்ளவன் விடுமுறையில் செய்துபார்க்கிறான். அவன் வாங்கும் கத்தியின் விலைக்கு அந்தக் காலத்துக் குடியானவன் மாடு வாங்கியிருப்பான். பல கரண்டிகள் வாய்க்குப் போகாமல் நேரே சுவருக்குப் போகின்றன. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அவர்கள் கையில் அந்தப் பிடி இருக்கிறது. விடுமுறைக்காரன் கையிலாவது இருக்கிறது.

நம்முடைய அகப்பைக்கு இன்னும் விடுமுறைக்காரர்கள் கிடைக்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம் பக்கம், பொங்கலுக்கு முன்னால் ஆசாரிமார் சிரட்டையில் அகப்பை செய்து வீடுவீடாகக் கொடுப்பதும், வீட்டுக்காரர்கள் நெல்லோ அரிசியோ தேங்காயோ அளப்பதும் வழக்கம். புதுப்பானையில் பொங்கலைக் கிண்டப் புது அகப்பை. விலை பேசுவதில்லை. வில்லேயின் வழியைப் படித்துவிட்டு அந்த அகப்பையைப் பார்த்தால் ஒன்று பிடிபடும். கழுத்தில் நார் வளைய வேண்டும் என்ற அந்தப் பெரிய சிக்கலை இவர்கள் தொடவே இல்லை. குழியைத் தென்னை கொடுத்துவிட்டது. சிரட்டையில் மரத்தைப்போல நீளவாக்கில் நாரோட்டம் இல்லை. காம்பை மூங்கில் கொடுத்தது. மூங்கிலைப் பிளந்தால் நார் நுனிவரை நேராக வரும், துண்டுபடாது. மிச்சமிருப்பது இரண்டையும் சேர்ப்பது. சிரட்டையில் எதிரெதிரே இரண்டு துளை போட்டுக் காம்பை உள்ளே செலுத்தினால், காம்பு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தலைநீட்டி நிற்கும். துளை தளர்வாக இருந்தால் அகப்பை சுழலும். இறுக்கமாக இருந்தால் சிரட்டை விரியும். காம்பின் கோணம் எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்பது பானையின் கழுத்தைப் பார்த்து முடிவாகும். அந்தத் துளையில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

அந்த வித்தைக்கு ஒரு புத்தகம் வேண்டும். ‘அழிந்துவரும் கலைகள்’ என்று ஆண்டுக்கொரு முறை பண்டிகைக்கு வரும் அரைப்பக்கச் செய்தி எனக்குப் போதாது. அதில் எப்போதும் பெரியவர் அகப்பையை உயர்த்திப் பிடித்துக் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார். கை என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு படமும் இருக்காது. வில்லேயின் புத்தகத்தில் ஆள் நின்றுகொண்டோ முக்காலியில் அமர்ந்தோ வேலை செய்கிறார். மார்பும் விலாவும் தோளும்தாம் முட்டு. நம் ஆசாரி தரையில் உட்காருபவர். சிரட்டையைப் பிடித்திருப்பது அவர் கை அல்ல, இரண்டு பாதங்கள்; கைகள் இரண்டும் வேலைக்கு விடுதலை. யாராவது எழுதத் தொடங்கினால் முதல் படம் கால் பெருவிரலுடையதாக இருக்க வேண்டும்: எந்த இடத்தில் அழுத்துகிறது, உளி வழுக்கினால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று.